திறந்த கார், மூடிய ஹெல்மெட்

அன்புள்ள டப்பா,

இருபத்து மூன்று வயது ஆளை இந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடலாமா என்று உன் அம்மா இப்போதுதான் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக் கேட்டாள். கூப்பிடலாம். டப்பாவை மூடுவதைப் பற்றித்தான் கடிதமே. உன் வொர்க்‌ஷாப் பையன்கள் எட்டிப் பார்த்தால் நீயும் மறைக்காதே, அவர்களும் படிக்கட்டும். அவர்களுக்கும் தலை இருக்கிறது என்றுதான் கேள்விப்பட்டேன்.

போன வாரம் நீ பேசியதில் பாதியை நம் போர்ட் பிளேர் நெட்வொர்க் விழுங்கிவிட்டது. மீதிப் பாதி என் தொண்டையில் நிற்கிறது. நான் பொறுக்கியெடுத்தது இவ்வளவுதான்: நீ மாதக்கணக்காகக் கழற்றி மாட்டிய அந்தக் கூரையில்லாத பழைய காரை, வருகிற ஞாயிற்றுக்கிழமை பந்தயத் தடத்தில் நடக்கிற டிராக் டேயில் நீயே ஓட்டிப் பார் என்று முதலாளி சொல்லிவிட்டார். நீ ஹெல்மெட் எடுத்துவிட்டாய். அது முகம் திறந்த ஹெல்மெட். "மூடினது போட்டா மூச்சு முட்டுதுப்பா, சார் பரவாயில்லன்னுட்டாரு" என்றாய். நான் பதிலுக்கு ஏதோ ஒரு கேலி சொன்னேன். நீ சிரித்தாய். லைன் போய்விட்டது. மறுபடி பிடித்தபோது, "சரிப்பா, பாத்துக்கறேன், வைக்கிறேன்" என்றாய். போனில் எனக்கு இதுதான் சாபம். நான் எதைச் சொன்னாலும் அது கேலியாகத்தான் உன் காதில் விழுகிறது. எழுதினால் எனக்கே என்னை நிறுத்திக்கொள்ள முடியும்.

நேரில் வந்து நிற்கத்தான் நினைத்தேன். டிக்கெட்டும் எடுத்தேன். கடல் சரியில்லை என்று கப்பலை ரத்து செய்துவிட்டார்கள். அடுத்த கப்பல் உன் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு. விமானத்தில் ஓர் இடம்கூட இல்லை. பக்கத்து வீட்டு மலையாளி டீச்சரின் மகள் பரீட்சைக்குச் சென்னை வருகிறாள், அவளுக்கு மட்டும் எப்போதோ எடுத்த இடம் இருக்கிறது. அவள் பைக்குள் நான் நுழைய முடியாது, இந்தத் தாள்கள் நுழையும். உனக்கு அங்கே ரேஸ், எனக்கு இங்கே ரேஷன் கடை. ஃபீனிக்ஸ் பே படகுத்துறையில் கட்டிக் கிடக்கிற படகுகளை எண்ணிக்கொண்டு நானும் கட்டிக் கிடக்கிறேன்.

உன் அப்பனுக்குக் கார் ரேஸைப் பற்றி என்ன தெரியும் என்று நீ நினைக்கலாம். ஒன்றும் தெரியாது. நம் ஊர் இன்டர்நெட்டில் ஒரு வீடியோ சுற்றிச் சுற்றி வந்து சேர்வதற்குள் கார் பந்தயமே முடிந்துவிடும். ஆனாலும் நாலைந்து வீடியோ பார்த்துவிட்டேன். அதைவிட, தீவுப் படகில் இத்தனை வருஷமாக நான் செய்கிற வேலையே காப்பாற்றுகிற உடுப்பை வேண்டாதவர்களுக்குப் போட்டுவிடுவதுதான். லைஃப் ஜாக்கெட்டை நீட்டினால் முதலில் நிறம் பார்ப்பார்கள். அடுத்து மோந்து பார்ப்பார்கள். போட்டபிறகு, "பாயி, டைட்டா இருக்கு, தோடா டீலா கரோ" என்பார்கள். தளர்த்திக் கொடுத்தால் அழகாக போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அப்படித் தளர்ந்த ஜாக்கெட் தண்ணீரில் மிதக்கும், ஆள் அதற்குள்ளிருந்து கீழே வழுக்கிப் போவான். அதனால் நான் தோள் பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பார்ப்பேன். ஜாக்கெட் காதுவரைக்கும் ஏறினால் மறுபடி கட்டுவேன். திட்டு வாங்குவேன். இறுக்கமாக இருப்பது யாருக்கும் பிடிப்பதில்லை, மகனே. எனக்கும் பிடிக்காது. பிடிக்கிற பொருள் வேறு, பிடித்துக்கொள்கிற பொருள் வேறு.

ஹெல்மெட்டும் அப்படித்தான். புருவத்துக்குச் சற்று மேலே டேப் வைத்துத் தலையைச் சுற்றி அளந்து வாங்கு. போட்டால் கன்னம் இரண்டும் உள்ளே தள்ளி, வாயில் பன்னை அடைத்துக்கொண்ட குரங்கு மாதிரி தெரிய வேண்டும். அது உனக்குச் சிரமமில்லை. தலையை ஆட்டினால் ஹெல்மெட் தனியாக ஆடக் கூடாது, முகத்துத் தோலும் கூட இழுபட வேண்டும். பட்டையைக் கட்டியபிறகு பின்னாலிருந்து அதை முன்பக்கமாகத் தள்ளிக் கழற்றிப் பார் என்று ஒருவனிடம் சொல். கழன்றால் அது வேண்டாம். நெற்றியில் ஒரே இடத்தில் குத்தினால் அதுவும் வேண்டாம், அது உன் மண்டையின் வடிவத்துக்குச் செய்ததில்லை. யாரோ போட்டுக் கீழே போட்டதை ஓசியில் வாங்காதே. ஒருமுறை அடி வாங்கிய ஹெல்மெட்டுக்கு உள்ளே என்ன நொறுங்கியிருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. பைக் ஹெல்மெட்டும் காருக்கு ஆகாது என்கிறார்கள். கார் ஹெல்மெட்டின் உள்துணி சுலபத்தில் தீப்பிடிக்காததாக இருக்குமாம். ஒரே இரும்பில் திரும்பத் திரும்ப மோதினாலும் தாங்குகிற மாதிரி செய்திருப்பார்களாம். உள்ளே தைத்திருக்கிற லேபிளில் அது காருக்கானது என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்கு.

அடுத்தது உடுப்பு. உன் கூட்டத்தில் எல்லோரும் பளபளவென்று ஒரு பனியன் போட்டிருந்த போட்டோவை அனுப்பினாயே, அதைக் கொடியில் காயப்போடு, உடம்பில் போடாதே. எங்கள் படகின் எஞ்சின் ரூம் ஆள் மண்டலை உனக்குத் தெரியும். பெங்காலி, நான் பங்காளி என்றுதான் கூப்பிடுவேன். அவன் ஒரு நாள் வேலை உடுப்பை வீட்டில் விட்டுவிட்டு நைலான் ஃபுட்பால் சட்டையோடு இறங்கி, கொதிக்கிற புகைக் குழாயில் தோளைச் சாய்த்துவிட்டான். சட்டை எரியவில்லை, உருகியது. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். "ஷர்ட் உதாரா பாயி, சம்டி பீ ஆயி" என்றான். சட்டையைக் கழற்றினார்கள், தோலும் கூடவே வந்ததாம். அப்போதும் அவன் தன் டீம் ஜெயித்ததா என்றுதான் கேட்டான். ஆகவே தீ தாங்கும் முழு உடுப்பு கிடைத்தால் அது, கிடைக்கும்வரை முழுக்கைப் பருத்திச் சட்டை, பருத்திக் கால்சட்டை, உள்ளே போடுவதும் பருத்தி. மெல்லிய அடிப்பாகம் உள்ள ஷூ, பெடல் காலுக்குத் தெரிய வேண்டும். கைக்கு உறை. கூரையில்லாத காரில் மணிக்கட்டைப் பெல்ட்டோடு இணைக்கிற பட்டையும் உண்டாமே, கார் புரண்டால் கை வெளியே போகாமலிருக்க. அதைக் கேட்டு வாங்கு. தலையைக் கட்டி, மார்பைக் கட்டி, கையையும் கட்டி உட்கார வைக்கிறார்கள். வேகமாகப் போவதற்கு இவ்வளவு கட்டு. நம் தீவையோ வேகம் எதுவும் கொடுக்காமலே கட்டிப் போட்டிருக்கிறார்கள்.

தலைக்குப் பின்னால் வளைந்து நிற்கிற இரும்புக் குழாய் உன் உயரத்துக்குப் போதுமா என்று மறக்காமல் பார். ஹெல்மெட்டோடு உட்கார்ந்துகொள். குழாயின் உச்சிக்கும் முன்கண்ணாடிச் சட்டத்தின் உச்சிக்கும் நடுவே ஒரு நீளக் கம்பைப் படுக்க வைக்கச் சொல். கம்பு உன் ஹெல்மெட்டைத் தொட்டால், புரளும்போது தரையும் தொடும். சீட்டின் மெத்தையைக் கழற்றி இறங்கி உட்கார வேண்டும். இதை நீ முன்பே பார்த்துவிட்டதாகச் சொன்னாய் என்று நினைக்கிறேன். அந்த இடத்தில்தான் லைன் கரகரத்தது.

சரி, இப்போது முகத்துக்கு வருகிறேன். இதற்குத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன். கூரையுள்ள காரில் திறந்த ஹெல்மெட் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், இருக்கட்டும். உன் காரில் கூரையில்லை. முன்னால் போகிறவனின் டயர் எறிகிற கல் நேராக உன் வாய்க்கு வரும். புரண்டால் முதலில் தரையைப் பார்ப்பது உன் தாடை. காரைத் திறந்துவிட்டால் ஆளை மூட வேண்டும். இது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தும் திறந்ததை எடுத்திருக்கிறாய் என்றால், காரணம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அது கட்சாலில் இருக்கிறது.

உன் பையன்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள், கட்சால் தீவில் ரப்பர் வெட்டினோம். கடல் ஏறி வந்த அந்தச் சுனாமிக் காலையில் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ரப்பர் மேட்டுக்கு ஓடினேன். கீழே எல்லாப் பக்கமும் தண்ணீர். கப்பல் வரும்வரை மேட்டில்தான் கிடந்தோம். பிறகு வரிசையாகத் தகரக் கொட்டகை போட்டுக் கொடுத்தார்கள். பகலில் அதற்குள் இருந்தால் சோறு வடிக்க அடுப்பு வேண்டாம். மெயின்லேண்டிலிருந்து நிவாரண மூட்டை வந்தது. புண்ணியவான்கள், கம்பளி ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாயும் அனுப்பியிருந்தார்கள். ஒரு மூட்டையிலிருந்து, ரோடே போய்விட்ட எங்கள் தீவுக்கு, ஒரு ஸ்கூட்டர் ஹெல்மெட் விழுந்தது. சின்ன அளவு, முழுசாக மூடினது. அதை நீ பாய்ந்து எடுத்துக்கொண்டாய். நிலம் அப்போது அடிக்கடி ஆடிக்கொண்டிருந்தது. தகரம் தடதடக்கும் போதெல்லாம் நீ அதைப் போட்டுக்கொண்டு மூலையில் உட்காருவாய். கொட்டகைப் பிள்ளைகள் உன்னை டப்பா என்றார்கள். அதுவே நிலைத்துவிட்டது.

ஒரு மத்தியானம் அது கழலவில்லை. வியர்வையில் கன்னம் ஊறி, காது மடங்கி மாட்டிக்கொண்டது. எங்கள் வரிசையில் யாருக்கும் ஹெல்மெட் கழற்றிப் பழக்கமில்லை. சட்டிக்குள் தலையை விட்ட ஆட்டை எப்படி இழுப்பார்களோ அப்படி இழுத்தோம். தேங்காயெண்ணெய் ஊற்றினோம். "காதப் புடிச்சிக்கங்கடா, நான் இழுக்கிறேன்" என்று நான் உன் தோளில் முழங்காலை வைத்து நேராக மேலே இழுத்தேன். நீ அலறினாய். உள்ளேயிருந்து வந்ததால் அது அலறல் மாதிரியே கேட்கவில்லை, தூரத்தில் யாரோ கூப்பிடுவது போலிருந்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த மாதங்களில் அவர்கள் சிரித்து நான் பார்த்ததில்லை, அந்தச் சிரிப்பு எனக்குக் கள் மாதிரி ஏறியது. "இனிமே கழலாதுடா தம்பி, தாலி கட்டறப்பவும் இதோடதான்" என்றேன். எல்லோரும் இன்னும் சிரித்தார்கள். உன் அம்மா மட்டும், "பகிடிய நிப்பாட்டுங்க, புள்ள நெசமுன்னு நினைக்குது" என்றாள். அப்போது சோற்று மணி அடித்தது. வரிசை தவறினால் சாப்பாடு இல்லை. எல்லோரும் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினோம், நானும்தான். திரும்பி வந்தபோது நீ ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். "எப்படிடா?" என்றேன். "நீங்க போனீங்க, கழண்டிருச்சு" என்றாய். மறுபடி அதை நீ தொடவில்லை.

நீ போனில் மூச்சு முட்டுகிறது என்றதும் எனக்கு அதெல்லாம் ஒன்றாக வந்தது. உனக்கு என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளலாமென்று ஒரு வேலை செய்தேன். டீச்சர் வீட்டுக்காரரிடம் அவருடைய மூடிய பைக் ஹெல்மெட்டை இரவல் வாங்கி, மத்தியானம் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு போட்டேன். கண்ணாடியை இறக்கினேன். என் மூச்சே என் காதில் கடல் மாதிரி கேட்டது. ஏறி ஏறி வந்தது. மேட்டில் உட்கார்ந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தேனே, அதே சத்தம். பட்டையை எங்கே அவிழ்ப்பது என்று விரல்களுக்கு மறந்துவிட்டது. நான் மேலே இழுத்தேன், நேராக மேலே. அம்மா கதவைத் திறந்து, "என்னாங்க செய்றீங்க? அய்யோ, யாரு நீங்க?" என்று விளக்குமாற்றை எடுத்துவிட்டாள். அடி விழுந்தபிறகுதான் புருஷன் என்று தெரிந்ததாம். முன்பே தெரியும் என்பது என் சந்தேகம். ஆனால் ஹெல்மெட்டைக் கழற்றியதும் அவள் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்தாள். "ஒங்களுக்கேவா?" என்றாள். எனக்கேதான், மகனே. ஊரையே சிரிக்க வைக்கிறவனுக்கு ஒரு டப்பாவுக்குள் ஒரு பாட்டு நேரம்கூட இருக்க முடியவில்லை.

பிறகு வீடியோவில் தேடினேன், கழற்றுவதை எப்படிச் செய்கிறார்கள் என்று. மேலே இழுப்பதே தப்பாம். தாடைப் பட்டைகள் இரண்டையும் பெருவிரலால் பிடித்து வெளிப்பக்கமாக விரித்து, முன்பக்கம் சாய்த்து உருட்ட வேண்டும். விரித்தால் வழிவிடுகிறது. போடுவதற்கும் அதே விரிப்புத்தான். அதை இருபது முறை செய்தேன், வெறும் போடுவதும் கழற்றுவதும். எப்போது வேண்டுமானாலும் வெளியே வரலாம் என்று கைக்குத் தெரிந்தபிறகு தலை கொஞ்சம் அமைதியானது. அடுத்த நாள் கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு உன் அம்மா சோறு கிண்டுவதைப் பார்த்தேன். அதற்கடுத்த நாள் கண்ணாடியை இறக்கினேன். நேற்று சாத்தம் படகுத்துறையில் படகு ஏறி அக்கரையிலிருக்கிற பாம்பூஃபிளாட் வரைக்கும் மூடியபடியே போனேன். பக்கத்தில் ஸ்கூட்டரோடு நின்ற ஒரு பையன் கேட்டான், "அங்கிள், காடி கஹாங் ஹை?" வண்டியை நீந்தி வரச் சொல்லியிருக்கிறேன் என்றேன். அவன் கடலைத் திரும்பிப் பார்த்தான். நடுவழியில் ஒருமுறை மார்பு அடைத்தது. வெளியே எதையாவது எண்ணு என்று எனக்கே சொல்லிக்கொண்டு கரையில் நின்ற மின்கம்பங்களை எண்ணினேன். போய்ச் சேர்ந்தேன். வீரம் ஒன்றுமில்லை, திரும்பி வரும்போது கழற்றிக் கையில்தான் வைத்திருந்தேன்.

இதையேதான் நீ செய்யப் போகிறாய். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது உனக்கு நாலு நாள் இருக்கும். மூடினதிலேயே முன்பக்க ஜன்னல் பெரிதாக, காற்றுத் துளை அதிகமாக இருப்பதைத் தேடு. கடையில் அவசரப்படாதே, விற்கிறவன் மணியைப் பார்த்தால் பார்க்கட்டும். வாங்கிய பிறகு உன் ரூமில் போட்டுக் கழற்றிப் பழகு. யாரையும் உதவிக்குக் கூப்பிடாதே. அன்று உன்னை மாட்ட வைத்தது ஹெல்மெட் இல்லை, அதைச் சுற்றி நின்று மேலே இழுத்த எங்கள் கைகள். நாங்கள் விலகியதும் உன் கை வழியைக் கண்டுபிடித்தது. பத்து வயதில் யாரும் சொல்லிக்கொடுக்காமல் விரிக்கத் தெரிந்த கை அது. பிறகு காரில் உட்கார்ந்து, பெல்ட் மாட்டி, கைப்பட்டையும் மாட்டி, எஞ்சினை ஓட்டாமல் அப்படியே இரு. வேகம் வந்தபிறகு மூச்சு முட்டினால் கழற்ற நேரமிருக்காது. அதனால் நிற்கிற காரிலேயே அது வந்து போகட்டும்.

உன் அம்மா ஒன்று எழுதச் சொல்கிறாள். "போகாதன்னு எழுதுங்க" என்கிறாள். எழுத மாட்டேன் என்றேன். "அப்ப நீங்க என்னா அப்பா?" என்றாள். இந்தத் தீவில் அடைபட்டுக் கிடப்பது எப்படியிருக்கும் என்று தெரிந்த அப்பா, அவனையும் அடைக்கச் சொல்லாதே என்றேன். அவள் அடுப்படிக்குப் போய் இரண்டு பாத்திரத்தை உரக்க வைத்தாள். அவள் கவலையையும் இதோடு மடித்து அனுப்புகிறேன்.

கடைசியாக ஒன்று, கேலியில்லாமல். நாலு நாள் பழகியும் முடியாமல் போகலாம். எனக்கு ஒரு படகுத் தூரம் போகவே அத்தனை பாடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்ணாடியை இறக்கியதும் உனக்குத் தெரிந்துவிடும், இருக்க முடியுமா முடியாதா என்று. முடிந்தால் ஓட்டு, நன்றாக ஓட்டு. முடியாவிட்டால் அந்தத் திறந்த ஹெல்மெட்டைத் தேடி எடுக்காதே. இறங்கிவிடு. அந்த நேரத்தில் உன்னைச் சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். சாவி இன்னொருவன் கைக்குப் போகும். முதலாளி உன் முகத்தைப் பார்த்து என்னப்பா என்பார். எனக்கு மூச்சு முட்டுது சார், பயமா இருக்கு சார் என்று அத்தனை பேர் நடுவில் சொல்ல உனக்கு வாய் வராது. அந்த வெட்கத்துக்காகவே நீ திறந்த ஹெல்மெட்டோடு ஏறிவிடுவாய் என்பதுதான் என்னைத் தூங்கவிடாத விஷயம். அதனால் உனக்கு ஒரு பதிலை எழுதித் தருகிறேன், அப்படியே சொல்: "சார், எங்க அப்பா விடமாட்டேங்கிறாரு." இத்தனை பெரிய ஆளுக்கு இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கும். பால்குடி மறக்காத பிள்ளை, அப்பனுக்குப் பயந்தவன் என்று ஒரு வாரம் ஓட்டுவார்கள். ஓட்டட்டும். எல்லாப் பழியையும் என் மேல் போட்டுவிட்டு ரூமுக்குப் போய்ப் படுத்துத் தூங்கு. பொய் சொல்லிவிட்டோமே என்று நினைக்காதே. அது பொய் இல்லை. இதைப் படித்து முடிக்கிற இந்த நிமிஷத்திலிருந்து, முகத்தை மூடாமல் அந்தக் காரில் ஏற நான் உன்னை விடவில்லை.

உன் அப்பா